வெள்ளைப் பூனை என்று எழுதிய கடிதம்

சுபோதினி ரீச்சர் என்று கேட்டால் வெள்ளவத்தையில் நாலு பேர் யோசிப்பார்கள். பூனை ரீச்சர் என்று கேட்டுப் பாருங்கள், காலி வீதியில் மரக்கறி விற்கிறவர்கூட மாடி இலக்கம் வரைக்கும் சொல்லிவிடுவார். முப்பது வருடத்துக்கு மேலாக ஏ.எல். பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறார். கலியாணம் இல்லை. மூன்றாம் மாடியில் ஓர் அறை, பதினாறு பிளாஸ்டிக் கதிரை. வகுப்பு முடிய அவற்றை அடுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் இழுத்துப் போட்டுச் சாப்பிடுவார்.

பேர் வந்த கதை இதுதான். பரம்பரை பற்றிய பாடத்தில் அவருக்குப் பிடித்த உதாரணம் வெள்ளைப் புலி. ஆனால் அவர் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், கொழும்பில் ஒரு தமிழ்ப்பெண் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பது போல. ஆகவே புலி பூனையானது. சண்டை முடிந்து எத்தனையோ வருடம். பிள்ளைகள் புலி என்றே எழுதுகிறார்கள். ரீச்சரின் வாய் மட்டும் திரும்பவில்லை.

பாடம் நன்றாகத்தான் சொல்வார். தாயும் செம்மஞ்சள், தகப்பனும் செம்மஞ்சள். இரண்டு பேருக்குள்ளும் பின்னிடைவான, தனியே இருந்தால் குணம் காட்டாத, பரம்பரை அலகு ஒவ்வொன்று ஒளிந்திருக்கும். ஒளிந்த இரண்டும் ஒரு குட்டியில் சந்தித்தால் மஞ்சள் போய்விடும், கறுப்பு வரி நிற்கும். நாலில் ஒன்றுக்கு அந்த வாய்ப்பு. வெள்ளைக்கு ஆசைப்பட்ட மனிதர்கள் தகப்பனையே மகளோடு சேர்த்தார்கள், சொந்தத்துக்குள்ளேயே பெருக்கினார்கள், நோஞ்சான் குட்டிகளும் பிறந்தன. இந்த இடத்தில் ரீச்சரின் குரல் இறங்கும். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ரீச்சரின் தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள். அவருக்குப் பிறகு பிறந்த இரண்டு தம்பிகளும் கழுத்து நிற்காமலே, இரண்டு வயது தாண்டாமல் போனார்கள். யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டிலும் அப்படி ஒரு குழந்தை போனது. அந்த மாமாவின் மகன் லவனைத்தான் தொண்ணூற்று நாலில் அவருக்குப் பேசினார்கள். லவனில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். ஆனால் கணக்குத் தெரிந்த பெண் அல்லவா, பயந்துவிட்டார்.

வேண்டாம் என்று கடிதம் எழுதினார். வழியில் ஆமிக்காரர் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நினைத்து அங்கேயும் பூனை என்றே எழுதினார். எங்கள் இரண்டு பேராலும் வெள்ளைப் பூனைதான் பிறக்கும், எனக்குப் பயமாக இருக்கிறது, குறை நினைக்க வேண்டாம். கம்பஸ் காலத்தில் வெள்ளைப் புலிக் கதையை லவனுக்கு வாய் ஓயாமல் சொன்னவர், அவருக்கு விளங்கும் என்று நம்பினார். பதில் வரவில்லை. லவன் கனடா போனார், அங்கேயே கலியாணம் செய்தார் என்று கேள்வி.

போன ஆவணியில் ஒருநாள் மத்தியானம் லவன் வந்து ரீச்சரின் கதவைத் தட்டினார். தலை வெள்ளை. மனைவி இறந்து ஒரு வருடமாம், மற்றநாள் திரும்பப் பிளேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கரும்பலகையில் கீறியிருந்த படத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். பழக்கதோசத்தில் ரீச்சர் வெள்ளைப் பூனை என்றார். வரி போட்ட பூனையோ என்று லவன் சிரித்தார்.

"புலி, அத்தான்," என்றார் ரீச்சர், யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு.

லவன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தக் கடிதத்திலையும் புலியோ? என்னை வீட்டில கறுவல் எண்டு கூப்பிடுறவை எல்லோ. நீரும் என்ரை நிறத்தைப் பகிடி பண்ணினனீர் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்."

பிறக்கிற பிள்ளைகள் தங்காது என்று பயந்துதான் எழுதினதாக ரீச்சர் சொன்னார்.

"எனக்குப் பிள்ளையே இல்லை, சுபோ. அங்கை ஒண்டும் பிறக்கேல்லை. கடைசிவரைக்கும் இரண்டு பேராத்தான் இருந்தனாங்கள்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்பிடி உம்மோடையும் இருந்திருப்பன்."

கீழே தண்டவாளத்தில் தெஹிவளைப் பக்கம் ரயில் போனது. பிள்ளைகள் படியேறி வரும் சத்தமும் கேட்டது. நில்லுங்கோ அத்தான் என்று சொல்ல ரீச்சருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேண்டிய சொல்லை வேண்டிய நேரத்தில் சொல்லிப் பழகாத வாய் அது. பிள்ளைகளுக்குக் கதிரை தேவைப்படுமே என்று லவனே எழும்பி வெளிக்கிட்டுவிட்டார்.

அன்று வகுப்பில் ரீச்சர் முதல்தடவையாக, யன்னல் திறந்திருக்க, புலி என்று உரத்துச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது பகிடி. வகுப்பு முடிய ரீச்சர் பதினாறு கதிரையையும் அடுக்கினார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.