வெள்ளிக்கிழமை எண்ணெய்

மங்களம் வேலைக்குப் போக மாமியார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறக் கூடாது. பஃபலோ ரோட்டு வீட்டில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. மங்களமும் விடிகாலையில் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, பேருக்குக் கொஞ்சம் சீயக்காய் போட்டு அலசி, ஈரக் கூந்தலின் நுனியை முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் வேலை. கப்பல் போகும் தடத்துக்குப் படகில் போய்ப் போத்தலில் கடல்நீர் எடுத்து வர வேண்டும். அதிலுள்ள எண்ணெயைப் பிரித்து நிறுத்துப் பார்ப்பவர் வேதியியலாளர் இப்ராஹீம். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். 1966-இல் ஒரு பெண்ணுக்கு இப்படி வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பு.

ஐந்தாம் மாதம் இப்ராஹீம் தாம்தூம் என்று குதித்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் எண்ணெய் எகிறுது, பாத்தீங்களா? வியாழக்கிழமை வர்ற அந்தக் கப்பல்தான் டேங்க கழுவி ஊத்திட்டுப் போவுது. விடமாட்டேன்லா!"

உடனே புகார் எழுத உட்கார்ந்துவிட்டார். மங்களத்துக்கும் அந்தக் கப்பல்காரன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அவனைத் திட்டிக்கொண்டேதான் போத்தலைத் திறந்தாள். காற்றில் கூந்தல் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. விரலால் ஒதுக்கிவிட்டு அதே கையால் போத்தலின் வாயைப் பிடித்தாள். கண்ணாடியில் பளபளவென்று விரல் தடம் பதிந்தது.

விரலை முகர்ந்து பார்த்தாள்; நல்லெண்ணெய் வாசம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். சொன்னால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் செய்யாத குற்றத்துக்கு எவனோ மாட்டிக்கொள்வானே! கரையேறியதும் நேரே போய் நின்றாள்.

"சார், அது கப்பல் எண்ணெய் இல்ல. என் தலை எண்ணெய்னு நினைக்கிறேன்."

இப்ராஹீம் அவள் தலையைப் பார்த்தார், புகாரைப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்காம வாங்க. பாப்போம்."

மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேக்கா சந்தைப் பூக்காரி அவளது வறண்ட தலையைப் பார்த்து, "வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?" என்று விசாரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை எடுத்த நீரில் எண்ணெய் மற்ற நாள்களைப் போலவே மிகக் கொஞ்சம்தான் இருந்தது.

இப்ராஹீம் புகாரைக் கிழித்துப் போட்டார். மங்களம் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"கடல் நாம நினைச்சதவிட சுத்தமா இருக்குலா!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பைய ஏன் தூக்கிட்டீங்க? இனிமே தலைக்குத் துணி, கைக்கு உறை. மாமியார் சொன்னபடியே குளிச்சுட்டு வாங்க. திங்கக்கிழமை மட்டும் லேட் பண்ணாதீங்க, புதுப் போத்தல் வருது."