சகலை முறித்த போல்ட்

என் சகலைக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வாஷரையும் நட்டையும் எண்ணிக் கொடுப்பார். மாமனார் வீட்டு வாசலை மிதித்ததும் இன்ஜினியர் ஆகிவிடுவார். ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது, டிவியில் ஏன் புள்ளி விழுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்குவார். அத்தனை பேரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். பஞ்சு மில்லில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்த என்னை ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை.

சகலையின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். முந்தின நாள் காலையில், அரியாங்குப்பத்தில் மாமனார் வீட்டுக் கிணற்று மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. மாமனார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன். கிணற்றிலிருந்து வருகிற பைப்பு பம்போடு சேரும் இடத்தில் ரப்பர் பாக்கிங் போய், காற்று இழுத்துக்கொண்டிருந்தது. பாக்கிங் மாற்ற நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். கடல் காற்றில் நாலும் துருப்பிடித்துப் பம்போடு பம்பாக ஒட்டிப்போயிருந்தன. டீசலை ஊற்றி, ஒவ்வொரு தலையிலும் சின்னச் சுத்தியால் தட்டி வைத்தேன்.

"ரெண்டு மணி நேரம் ஊறட்டும் மாமா. அவசரப்பட்டா முறிஞ்சிடும்."

அப்போதுதான் சகலை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா.

"ரெண்டு மணி நேரமா? எங்க கம்பெனியில இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை சகல. நீங்க மில்லு காலத்துலயே நிக்கிறீங்க."

எங்கிருந்தோ மூன்றடி இரும்புக் குழாயைத் தேடி எடுத்துவந்து ஸ்பேனரில் செருகினார். மாமனாரைப் பம்பைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கிணற்றுப் பக்கம் நிற்க இடமில்லை. அதனால் மோட்டார் பக்கமிருந்து எக்கி, போல்ட்டின் தலைக்குப் பின்னாலிருந்து திருப்ப ஆரம்பித்தார். பின்னாலிருந்து திருப்பினால் திசை மாறிவிடும். முதல் மாதம் மில்லுக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். சகலை கழற்றுவதாக நினைத்து முக்கி முக்கி இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வியர்வையில் அந்தச் சட்டை முதுகோடு ஒட்டுவதைப் பார்க்க எனக்குச் சுகமாக இருந்தது.

"அசையுது, அசையுது," என்றார்.

போல்ட் தலை முறிந்தது. குழாய் அப்படியே சுழன்று மாமனாரின் புறங்கையில் அடித்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"டூப்ளிகேட் போல்ட்டு மாமா. மெட்டீரியலே சரியில்ல," என்றார் சகலை. வீங்குகிற கையைப் பார்க்காமல், முறிந்த தலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பந்தல்காரனைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனார்.

மாமனாரை என் மச்சினன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மீதி மூன்று போல்ட்டையும் ஊறவிட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி முழுசாகக் கழற்றினேன். முறிந்த போல்ட்டின் தண்டு பம்புக்குள்ளேயே நின்றது. மோட்டாரைப் பம்போடு ஆட்டோவில் ஏற்றி நெல்லித்தோப்பு லேத்துக்குக் கொண்டுபோய், துளை போட்டு எடுத்து, புது மரை போட்டு வந்தேன். புது பாக்கிங் வைத்து மாட்டினேன். சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

மாமனார் கட்டுப் போட்ட கையோடு வந்து பக்கத்தில் நின்றார். எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"அவரு தப்பா திருப்புறத நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க மாப்ள?"

"கவனிக்கல மாமா."

என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பந்தியில் சகலை, "நானும் சகலையும் சேந்து மோட்டார ரெடி பண்ணோம்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளின் வெட்கங்கெட்ட வாயை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கிணற்றடியில் வாயைத் திறக்காமல் நின்ற ஃபிட்டரும் என் கணக்கில் அவரைவிட ஒசத்தி இல்லை.

அதற்குப் பிறகு அந்த மோட்டார் எத்தனையோ முறை நின்றது. மாமனார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. கடைத்தெருவிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்துகொண்டார்.