மூலை மூடாத பாசி

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பாசியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீலப்பச்சைப் பாசி வளர்ப்பதும் அதன் புரதங்களின் வடிவத்தை ஆராய்வதும் அவள் வேலை. வீட்டில் கணவர் வைத்த பெயர் வேறு: கவலை இலாகா.

பாசியின் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு பெட்டிகள் உண்டு. அறுகோணப் புரதங்கள் ஓடு பதித்தாற்போல் சேர்ந்து சுவராகும். மூலைகளை ஐங்கோணப் புரதங்கள் அடைக்கும். கரியமில வாயு அந்தப் பெட்டிக்குள் நெருக்கமாகத் தங்குவதால்தான் அங்குள்ள நொதி அதைப் பிடித்து உணவாக்கத் தொடங்குகிறது. பாசியம்மா வளர்த்ததோ மூலைப்புரதம் கெட்ட வகை. அதன் பெட்டி சரியாக மூடாது, வாயு ஒழுகிவிடும். சிலிண்டரிலிருந்து கூடுதலாக ஊட்டினால்தான் உயிர் தங்கும்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. குழாய் இணைப்பு தளர்ந்து, இருந்த வாயு அத்தனையும் கசிந்துபோயிருந்தது. குடுவைகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

வெளுத்தவற்றை விட்டுவிட்டு அதைத்தான் அவள் கவலையோடு கையில் எடுத்தாள். சாக வேண்டியது சாகவில்லை என்றால், நல்ல பாசி எதுவோ அதில் கலந்திருக்க வேண்டும். எப்போது கலந்தது? இத்தனை நாள் அளந்ததெல்லாம் எந்தப் பாசியை?

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "பேசாம கொட்டிடுங்க. யாரு கேக்கப்போறா?"

"கொட்டிட்டா தூக்கம் போயிடும். இப்பவே பாதிதான் இருக்கு."

நேரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை, மரபணு வரிசையைப் பார்த்துவிடலாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முடிவு வரும்வரை அவளுக்குப் பசியே எடுக்கவில்லை. ஒரு நாள் கணவரின் காபியில் உப்பைப் போட்டாள். அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "நாளைக்கு நானே போட்டுக்கறேன்" என்றார்.

முடிவு வந்தது. மூலைப்புரதம் கெட்டபடியேதான் இருந்தது; எதுவும் கலக்கவில்லை. ஆனால் சுவர்ப்புரதம் ஒன்றில் புதிதாக ஒரு மாற்றம் நேர்ந்திருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தச் சுவர் விளிம்புகள் வளைந்து மூலைவரை நெருங்கியிருந்தன. பெட்டி கோணல்மாணலாக இருந்தாலும் மூடியிருந்தது.

பேராசிரியர் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இப்படி மூடும்னு நான் நினைக்கவே இல்லம்மா."

"இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?"

பார்த்தார்கள். அதேதான்.

அன்று மாலை கணவர் கேட்டார். "இப்பவாவது நிம்மதியா?"

"எங்கங்க? உலகத்துலயே அந்த ஒரு குடுவைதான் இருக்கு. கைதவறி உடைஞ்சா?"

மறுநாள் முதல் வேலையாக அதைப் பல குப்பிகளில் பிரித்து உறையவைத்தாள். பாதியை எதிர்க்கட்டடத்து உறைபெட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகுதான் அவளுக்குப் பசித்தது.