கோயில் வெப்சைட்டுல அந்தப் பொண்ணு பேரு

போன சனிக்கெழம எனக்கு வந்த பயம் இருக்கே… சாம்பார் கரண்டிய அடுப்பு மேலயே போட்டுட்டேன்னா பாத்துக்குங்க.

எப்பவும் போல நான் பேசுறேன், மருமக டைப் பண்ணுது. "மெதுவா சொல்லுங்க அத்த"ங்குது. எப்படிலா மெதுவா?

நம்ம புந்தோங் ஊரு கோயில்ல அன்னதானச் சமையல் என் பொறுப்புன்னு உங்களுக்குத் தெரியும். போன வாரம் அந்தப் பூசணிக்கா கதையச் சொன்னேன்ல? எத்தன பேரு போன் பண்ணிச் சிரிச்சீங்க! எழுத்தே தெரியாத கெழவி பேசுறத வாராவாரம் படிக்கிறீங்களே, நெனச்சா எனக்கே அவ்ளோ சந்தோசமா இருக்கு. ஆனா இந்த வாரம் சிரிக்கிற கத இல்ல.

எங்க சமையக்கட்டுல ஒரு பொண்ணு இருக்கு. ஒரு வருசமா வருது. காய் வெட்டுறதுல அது கிட்ட யாரும் நிக்க முடியாது. பேரு சொல்லமாட்டேன். எந்த ஊருல இருக்குன்னும் சொல்லமாட்டேன். புருசன் அடி தாங்காம, சின்னப் புள்ளையத் தூக்கிக்கிட்டு கட்டுன துணியோட ஓடி வந்த பொண்ணு. போலீசுல ரிப்போட் போட்டிருக்கு. அவன் கிட்டயே வரக்கூடாதுன்னு கோர்ட்டுல ஆர்டரும் வாங்கிருக்கு. ஆனா ஆர்டர் தாளு… அவன் கையி காலு இருக்குற ஆளு. தேடிக்கிட்டேதான் இருந்தான்.

மொத நாளே எங்கிட்ட சொல்லிருச்சு. "பாட்டி, எனக்குக் கூடப் பொறந்தது யாருமில்ல. அண்ணன் இல்ல, தம்பி இல்ல. யாரு வந்து என்னக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிருங்க."

நான் வாயாடி. ஊருக்கே தெரியும். ஆனா இந்த ஒண்ண மட்டும் ஒரு வருசமா வாய்க்குள்ளயே வெச்சிருந்தேன்.

வெள்ளிக்கெழம அது மகளுக்குப் பொறந்தநாளு. சக்கரப் பொங்கல் உபயம் செஞ்சுச்சு. புள்ள பேருக்கு அர்ச்சன. அன்னைக்கு அது கட்டியிருந்த சேல இருக்கே… சரி, அத விடுங்க.

சனிக்கெழம காலையில போன் வருது. அந்தப் பொண்ணுதான்.

"பாட்டி, கோயில் வெப்சைட்டுல எம் பேரு இருக்கு."

"இருந்தா நல்லதுதானம்மா"ன்னேன் நான். புத்தி இல்லாம!

"ஊரு போட்டிருக்கு பாட்டி. மக பேரு, நட்சத்திரம், அவ படிக்கிற ஸ்கூலு… எல்லாம் போட்டிருக்கு. கூட வேல செய்ற அக்கா சந்தோசமாக் கொண்டாந்து காட்டுறாங்க."

அப்பத்தான் கரண்டி விழுந்துச்சு.

யாரு போட்டது? எங்க செயலாளரு குமாரு. பஸ் ஓட்டுறவன், நல்ல மனுசன், கோயிலுக்கு உசுரக் குடுப்பான். உபயம் செஞ்சவங்க ஒருத்தர் விடாம வெப்சைட்டுல போடுவான். ஏன்னா விட்டா சண்ட! ஒரு தடவ பால்கொடம் அன்னைக்கு ஒரு அம்மா பேர விட்டுட்டான். மூணு மாசம் அந்த அம்மா கோயில் பக்கமே வரல. நம்மாளுங்க அப்படித்தான். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துல காலையில ஆளுங்கள வரிசையா நிக்க வெக்கிற பெரட்டுல பேரு கூப்பிடணும். கூப்பிடலன்னா அன்னைக்கு நாம இல்லாத ஆளு. அந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறிப் போச்சு. பேரு வரணும், ஊரு வரணும், யாரு வீட்டுப் புள்ளன்னும் வரணும். குமாரு மரியாதையாத்தான் போட்டான். அந்த மரியாததான் அதுக்கு எமனா வந்துச்சு.

குமாருக்குப் போன் அடிச்சோம். ஆஃப். அவன் பொண்டாட்டி சொல்லுது, "அவரு சென்னைக்கு பிளைட் ஏறிட்டாரு பாட்டி. எறங்க மத்தியானம் ஆயிரும்."

கோயில் தலைவருக்குப் போன் அடிச்சேன். "ஐயா, அத ஒடனே எடுத்துருங்க."

"எனக்கு பாஸ்வேர்ட் தெரியாதேம்மா. முன்னாடி தெரியும்…"

என்ன ஆச்சுன்னா, அந்த பாஸ்வேர்ட முன்ன கமிட்டி வாட்ஸப்புல எல்லாருக்கும் அனுப்பி வெச்சிருந்தாங்க. போன மாசம் எவனோ கோயில் வெப்சைட்டுல டுரியான் பழம் விக்கிற வெளம்பரம் போட்டுட்டான். சாமி படத்துக்குக் கீழ டுரியான்! கோவத்துல குமாரு பாஸ்வேர்ட மாத்திட்டான். யாருக்கும் சொல்லல. எங்கயும் எழுதி வெக்கல. அவன் மண்டைக்குள்ள இருக்கு… மண்ட ஆகாசத்துல பறக்குது.

கமிட்டில சாந்தி டீச்சருன்னு ஒருத்தவங்க இருக்காங்க. அவங்க காரெடுத்துக்கிட்டுப் போயி அந்தப் பொண்ணையும் புள்ளையயும் தன் வீட்டுக்கே கூட்டியாந்துட்டாங்க. அப்பாடான்னு நான் ஒரு மடக்கு தேத்தண்ணி குடிக்கல, கோயில் ஆபீஸ் போன் அடிக்குது. ஆபீசுல யாருமில்ல. நான்தான் எடுத்தேன்.

ஒரு ஆம்பள. எவ்ளோ பணிவு தெரியுமா?

"வணக்கம் பாட்டி. நேத்து பொங்கல் உபயம் செஞ்சாங்களே, அவங்களோட அண்ணன் பேசுறேன். வீட்டுல விசேசம், பத்திரிக வெக்கணும். வீடு எந்தத் தாமான், எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன்.

போன வெச்சா சந்தேகப்படுவான். வெக்கலன்னா என் வாயி எதையாவது ஒளறிரும். என்ன செய்றது? பேச ஆரம்பிச்சேன். "யாருன்னு தெரியலயே தம்பி, இங்க தெனமும் எத்தனயோ பேரு வர்றாங்க. எனக்கு முட்டி வலி, கண்ணு வேற தெரியல, பூசணிக்கா இந்த வெல விக்குது…" வாழ்க்கையில மொத தடவையா, எதுவும் சொல்லாமப் பேசுனேன்.

அவன் சிரிச்சான். "பரவால்ல பாட்டி. நேர்லயே வந்து கேட்டுக்குறேன்."

மத்தியானம் குமாரு எறங்குனான், விசயம் கேட்டான், ஏர்போட்டுலயே நின்னு அழுதுக்கிட்டே எல்லாத்தயும் எடுத்துட்டான். வெப்சைட்டுலேர்ந்து எடுத்தாச்சு. பாத்தவன் கண்ணுலேர்ந்து எடுக்க முடியுமா?

வந்தானா? வந்தான். ஞாயித்துக்கெழம அன்னதான வரிசையில ஒருத்தன், துப்புரவா சட்ட போட்டு, நெத்தியில பட்ட அடிச்சு ஒக்காந்திருக்கான். எலையில நான் ரசம் ஊத்துறேன். மொகத்தத் தூக்கி மெதுவாக் கேக்குறான்.

"போன்ல பேசுனது நீங்கதானே பாட்டி?"

நான் ஊத்துன ரசம் எல தாண்டி ஓடுது. தலைவரும் ரெண்டு ஆம்பளைங்களும் பக்கத்துல வந்து நின்னாங்க. சாந்தி டீச்சர் போலீசுக்குப் போன் அடிச்சாங்க. அவன் அவசரமே படல. கடைசிப் பருக்க வரைக்கும் சாப்புட்டு, எலய மடிச்சு எடுத்துப் போட்டுட்டு, சாமியக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். போலீசு வர்றதுக்குள்ள ஆளக் காணோம். கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ பயம் வந்திருக்காது.

செவ்வாக்கெழம அவசர மீட்டிங். சாந்தி டீச்சர் நோட்டோட வந்தாங்க. "வெப்சைட்டுக்குன்னு ஒரு பாலிசி எழுதணும். எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

தலைவரு, "கோயிலுக்கு எதுக்கு பாலிசி? கம்பெனியா நடத்துறோம்?"ன்னாரு.

"கம்பெனில தப்பாப் போட்டா கஸ்டமரு போவான். நம்ம போட்டதுல உசுரு போயிருக்கும்"ன்னாங்க டீச்சர். சென்னையிலேர்ந்து பாதியிலயே திரும்பி வந்த குமாரு தல குனிஞ்சே ஒக்காந்திருந்தான்.

எழுதுனாங்க. ஒருத்தரே எழுதி ஒருத்தரே போடக் கூடாது, போடறதுக்கு முன்ன இன்னொருத்தர் பாக்கணும். பேரு போடவான்னு ஆளக் கேக்கணும், ஊரு வேணாம், புள்ளைங்க பேரு, ஸ்கூலு எப்பவுமே கெடையாது. பாஸ்வேர்ட கவர்ல ஒட்டி சாமி நகை வெச்சிருக்குற பீரோவுல வெக்கணும், சாவி ரெண்டு பேருகிட்ட. யாராவது "எடுங்க"ன்னு சொன்னா மொதல்ல எடுக்கணும், ஏன் எதுக்குன்னு அப்புறம் கேக்கலாம். அதுக்கு மீட்டிங் தேவயில்ல.

அப்புறம் டீச்சர் சொன்னாங்க, "போடறதுக்கு முன்ன பாட்டிக்கு வாசிச்சுக் காட்டணும்."

"எனக்கா? எனக்கு எழுத்து தெரியாதேம்மா!"

"போன மாசம் வெப்சைட்டுல போட்டத வாசிக்கிறேன், சும்மா கேளுங்க."

வாசிச்சாங்க. ரெண்டாவது வரியிலயே நான் நிறுத்திட்டேன். "ஏன்லா குமாரு, இந்த ஐயா குடும்பத்தோட காசிக்குப் போயிருக்காரு, வர ஒரு மாசம் ஆவும்னு போட்டிருக்கியே… வீட்டச் சாவியோட திருடங்கிட்ட குடுத்துரேன்!" இன்னொரு எடம். ஒரு கல்யாண வயசுப் பொண்ணுக்கு என்ன ஆப்பரேசன்னு வெலாவாரியாப் போட்டு எல்லாரும் வேண்டிக்குங்கன்னு இருந்துச்சு. "அத ஏண்டா ஊருக்குச் சொல்ற? பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல இதத்தான பாப்பாங்க?"

"இதயெல்லாம் நான் ரெண்டு தடவ படிச்சேன் பாட்டி"ன்னான் குமாரு. "எழுத்துப் பெழதான் பாத்தேன்."

நோட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. நான் பெருவெரல் வெச்சேன்.

பயம் போச்சான்னு கேக்குறீங்களா? போவல. அந்தப் புள்ள இந்த வாரம் ஸ்கூலுக்கே போவல. டீச்சர் தலமையாசிரியரப் பாத்து வேற ஸ்கூலுக்கு மாத்தப் பேசுறாங்க. அவன இன்னும் புடிக்கல. ஆபீஸ் போன் அடிச்சா இப்ப குமாரத்தான் எடுக்கச் சொல்றேன். பொண்ணு நல்லா இருக்கு, எங்கன்னு கேக்காதீங்க. காய் வெட்ட ஆளில்ல, நானே வெட்டுறேன்.

இந்தக் கதயச் சொல்லவான்னு மொதல்ல அந்தப் பொண்ணுகிட்டத்தான் கேட்டேன். மருமக எழுதி முடிச்சதும் போன்ல முழுசா வாசிச்சுக் காட்டுச்சு. அது பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு — "சேல கலர மட்டும் எடுத்துருங்க பாட்டி."

எடுத்தாச்சு.