எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராத நோய்

பாகூர் ஏரிக்கரையில், உச்சி வெயிலில், முழுக்கைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக ஒரு வெள்ளைக்காரன் நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது நான்தான். பிரான்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செத்துப்போன அப்பா கறுப்பு, அம்மா அதைவிடக் கறுப்பு. எனக்கு மட்டும் பிறக்கும்போதே தோலுக்கும் முடிக்கும் நிறம் போடாமல் விட்டுவிட்டார்கள். கண்ணிலும் பாதிப் பார்வைதான். போர்டில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே பி.ஏ. முடித்தேன். டைப்ரைட்டிங்கில் மட்டும் என்னை ஒருத்தரும் பிடிக்க முடியாது, அதற்குக் கண்ணே தேவையில்லை.

டீக்கடையில் தினமும் ஒரே பாட்டுதான்.

"இன்னா தொர, பிரெஞ்சு பென்ஷன் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. உங்களுக்கும் சேத்து கையெழுத்துப் போட்டு அனுப்பட்டா?"

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் குடித்த கிளாஸை மட்டும் கடைக்காரர் இரண்டு தடவை கழுவுவார்.

ஸ்கூல் படிக்கிற காலத்தில் குடையெல்லாம் கிடையாது. எல்லாப் பசங்களோடும் வயலில் கிடப்பேன். ராத்திரி தோள் முழுக்கக் கொப்பளித்து உரியும். "வெயிலு ஒத்துக்கல" என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

அப்போதெல்லாம் குஷ்டம் பார்க்கிற சர்வேக்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். வீடு வீடாகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, உணர்ச்சி இல்லாத வெளிறின தேமல் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் பாதி ஊர் கரும்புக்குள் காணாமல் போய்விடும். பெயரை எழுதிவிட்டால் அந்த வீட்டில் கல்யாணமே நடக்காது என்று பயம். நான் ஒருத்தன்தான் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பேன்.

"நீ போ தம்பி. ஒடம்பே ஒரே தேமலா இருந்தா நான் எங்கடா தேடறது?" என்பார்.

காலேஜ் இரண்டாம் வருஷத்தில் இடது காதின் மேல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், கொஞ்சம் ரத்தம் வரும், மறுபடியும் பொருக்குத் தட்டும். மழைக்காலம் முழுக்க ஆறவில்லை. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள், வேப்பெண்ணெய் போட்டாள். அப்புறம் அவளுக்கு வேறு பயம் வந்துவிட்டது. ஊரே ஒளிந்துகொள்கிற அந்த சர்வேக்காரரை நடுத்தெருவில் சைக்கிளோடு மறித்தாள்.

"சார், எம் புள்ளைக்கு அதுதானா? மறைக்காம சொல்லிடு சார்."

அவர் பஞ்சைத் திரித்துப் புண்ணைச் சுற்றித் தொட்டார். "தெரியுதாப்பா?"

"கூசுது சார்."

"அப்ப இது அது இல்லம்மா. நம்ம கேஸே கெடையாது. போயி வேலையப் பாரு."

அம்மா அங்கேயே அழுதாள். பிறகு தெருவில் எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லியாம்டி! சர்வே சாரே சொல்லிட்டாரு!" வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் புண்ணை அப்படியே விட்டுவிட்டோம். குஷ்டம் இல்லை என்றால் வேறு என்ன என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். அடுத்த கரும்பு வெட்டு முடிவதற்குள் அது பட்டாணி அளவு தடித்து, தலையணையில் தினமும் ரத்தக் கறை.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் பார்த்தார், எழுந்து போய் மாணவர்களைக் கூட்டிவந்தார். சுற்றி நின்று எல்லோரும் காதைப் பார்த்தார்கள். கழுத்துக்கு மேலே காது மட்டும்தான் இருக்கிறது என்கிற மாதிரி. அப்புறம் டாக்டர் ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து என் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். படங்களில் ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை செய்கிறவர்கள். சிவந்த கன்னம், வெளுத்த முடி, காதில் அதே இடத்தில் அதே புண். என் ஜாடையில் மனுஷர்களை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடையாளம் தெரியக் கூடாது என்று கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள்.

"அங்கெல்லாம் இது சர்வசாதாரணம்ப்பா. சின்னதா ஒரு புள்ளி வந்தாலே டாக்டர்ட்ட காட்டிடுவாங்க. நம்ம பக்கம் தோல் கேன்சர் ரொம்ப அபூர்வம்."

"எனக்கு வந்துருக்கே சார்?"

"உன்ன எப்பிடிப்பா கணக்குல சேக்கறது?"

நல்ல கதை. அங்கே பிறந்திருந்தால் எவனாவது இந்தக் காதை எப்போதோ பார்த்திருப்பான். இங்கே தோல் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் சைக்கிளில் வந்தார், என்னை மட்டும் தாண்டிப் போனார்.

மரத்துப்போக ஊசி போட்டு, காதின் ஓரத்தை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். கேன்சர்தான். பரவவில்லை.

"இன்னொண்ணு வரலாம்" என்றார் டாக்டர். "மாசம் ஒரு தடவ முதுகு, பின்கழுத்து, காதுக்குப் பின்னாடி எல்லாம் யாரையாச்சும் உத்துப் பாக்கச் சொல்லு. சொரசொரன்னு ஒண்ணு தட்டுப்பட்டாலும் ஒடனே வந்துடு. வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா சார்."

"போதும்."

அமாவாசைக்கு அமாவாசை அம்மா என்னைக் கிணற்றடி நிழலில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றுவாள். விரலால் தடவித் தடவி, முடியை விலக்கி, இடம் விடாமல் பார்ப்பாள்.

"ஆடாதடா கழுத! ஆட்டுக்கு உண்ணி எடுக்கறது இதவிட சுலுவு."

"கூசுதும்மா."

"நாளைக்கு ஒருத்தி வந்தா அவகிட்டயும் இப்பிடித்தான் ஆடுவியா?"

"எவ வருவா? பாரீஸ்லேந்தா?"

"ஏன், வந்தா ஆவாதா?"

போன ஐப்பசி மழையில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வீட்டைப் பூட்டிவிட்டு அரியாங்குப்பத்தில் ரூம் எடுத்தேன். டவுனில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. வெயில் ஏறும் முன் போய், இறங்கின பிறகு வருவேன். ஆபீஸில் வாய் ஓயாமல் ஜோக் அடிக்கிறேன், எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். அம்மாவுக்குப் பிறகு என் மேல் கை பட்டது என்றால் அது பஸ் நெரிசலில் இடித்தவர்களுடையதுதான்.

இன்று காலையில் குளிக்கும்போது பின்கழுத்தில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. சொரசொரவென்று. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு வெறும் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பின்கழுத்துல இன்னா இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அவர் படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரிலியேப்பா. வேர்க்குருவா இருக்கும், பவுடர் போடு."

"கிட்ட வந்து பாருங்கண்ணே, கடிக்க மாட்டேன்."

சிரித்தார். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் உட்காருவார். இன்று வியாழன்.