செல்லோ கேட்ட கேள்வி

நாசரேத்தில் ஜெயஷீலா டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. நன்றாகப் பாட்டுச் சொல்லித் தருவார். மூக்குக்கு மேல் கோபமும் வரும். அந்த வருஷம் கோபமெல்லாம் தெருக்குழாய் மேல். வாரக்கணக்காகத் தண்ணீர் வரவில்லை. அதைப் பேச வாயெடுத்தால், யார் கொடி உயரம், யார் யாரை என்ன சொன்னார் என்று ஊரே வேறெதையோ பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றது.

வைதுவைது அலுத்துப்போய், நாலு பேர் வாசிக்க டீச்சர் ஓர் இசை எழுதினார். கனத்த குரலுள்ள பெரிய வயலினான செல்லோ ஒரு சின்ன மெட்டைக் கேள்விபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வயலினும் வயோலாவும் பிரச்சார வண்டியாக, டிவி விவாதமாகக் கத்தி அதை அமுக்கிவிடும். மூன்றும் ஓய்ந்த பிறகு, செல்லோ தனியாக இன்னொரு தடவை கேட்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம்.

சர்ச் ஹாலில் வாசித்தார்கள். கத்தல் உச்சத்துக்குப் போகையில், பக்கத்து நாற்காலி அற்புதமணி அண்ணாச்சி டீச்சர் பக்கம் சாய்ந்தார்.

"இது எங்க கட்சிப் பாட்டைக் கேலி பண்ணுத மாதிரி இருக்கே?"

"எனக்கு வேற வேலை இல்லையா அண்ணாச்சி?"

அண்ணாச்சி விடவில்லை. டீச்சரும் விடவில்லை. கொடி வந்தது, போன எலெக்சன் வந்தது, அண்ணாச்சியின் மச்சான் வரைக்கும் வந்தார். கைதட்டல் கேட்டுத்தான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

செல்லோ வாசித்த ஜெப்ஸி வியர்த்த முகத்தோடு ஓடிவந்தாள்.

"டீச்சர், கடைசியில நான் தனியா வாசிச்சேனே, சரியா இருந்துச்சா?"

டீச்சர் அவளையே பார்த்தார்.

"ஏளா, எப்ப வாசிச்ச?"