ஏழாம் பக்கத்து மின்தடை

எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு அந்த நாளிதழ் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறது. வயதில் அப்பாவுக்கே மூத்தது. நகராட்சியாக இருந்த தாம்பரம் மாநகராட்சியானதையும் அதில்தான் படித்தோம். கையில் மை ஒட்டிய காலம் போய் வண்ணப் பக்கங்கள் வந்துவிட்டன. அதன் தொண்டை மட்டும் மாறவில்லை. தக்காளி விலை ஏறினாலும் கொட்டை எழுத்தில் ‘பகீர்’ என்று அலறும். “இதையெல்லாம் காசு குடுத்துப் படிக்கணுமாப்பா?” என்று வம்புக்கு இழுப்பேன். அப்பா ராசிபலனிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்.

நுரையீரல் கெட்டு அவர் படுக்கையோடு ஆனதும் கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. கரண்ட் போனால் நின்றுவிடும். அப்போது சிலிண்டர்தான் உயிர். நாள் முழுக்கக் கரண்ட் போகுமென்றால் அப்பா முந்தின நாளே, “சிலிண்டர் நிரப்பிட்டியாம்மா?” என்பார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை.

எல்லாம்தான் போனில் வருகிறதே என்று ஒருநாள் பேப்பரை நிறுத்திவிட்டேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். அவர் ரோஷம் எனக்குத் தெரியாதா!

பத்து நாள் கழித்து, பேப்பர் போடும் நரைத்தலை அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, பேப்பர் வேணான்ட்டீங்க, அது கெடக்கட்டும். நாளைக்கு நம்ம தெருவுல கரண்ட் கட்டுன்னு போட்டுக்கீது. காலைல வரசொல்லோ மெஷின் சத்தம் கேக்குமே, அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஏழாம் பக்கத்தை விரித்தார். ‘நாளைய மின்தடை’ என்ற கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எங்கள் தெரு. அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சிலிண்டர் காலி!

“நாளையிலேருந்து மறுபடி போடுங்கண்ணா.”

“நிறுத்தின நாளு பேப்பரெல்லாம் கடைல எடுத்து வச்சிக்கீறேங்கா. பெரியவரு கேப்பாருல்ல?”

சாயங்காலத்துக்குள் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு, கடையிலிருந்து அந்தப் பழைய பேப்பர்க் கட்டையும் வாங்கி வந்தேன்.

மறுநாள் சொன்னபடி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மெஷின் நின்றது. சிலிண்டரைத் திறந்து, அப்பாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கோ உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்குள் எங்கள் தெருவையும் விடாமல் சேர்த்த அந்த முகம் தெரியாத புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். இனி அந்தப் பேப்பர் எவ்வளவு வேண்டுமானாலும் அலறட்டும்.

அப்பா மூக்கில் குழாயோடு, ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பர்க் கட்டைப் பிரித்தார்.

“ராசிபலன் எல்லாம் பழசுப்பா.”

“இருக்கட்டுமே. உயிரோடதான இருக்கேன், பலிச்சுதான்னு பாக்கறேன்.”